பெஞ்சில் இல்லாத ஆணி

— சும்மா ஒரு தையல் போட்டுக் குடுங்க அத்தை, அம்மா வர்றதுக்குள்ள.

— இந்த வாரத்துல இது மூணாவது தடவை, சிட்டு.

— பெஞ்சுல ஒரு ஆணி நீட்டிக்கிட்டிருக்கு. பாக்கெட் மாட்டிக்கிச்சு.

— மூணு தடவையும் அதே ஆணியா? ரொம்பப் பாசக்கார ஆணியா இருக்கே!

— அத்தை...

— இங்க பாரு. ஆணி மாட்டினா கோடு இழுத்த மாதிரி கிழியும். இது ரெண்டு மூலையும் பிரிஞ்சு தொங்குது. யாரோ கையை விட்டு இழுத்திருக்காங்க. இருபது வருஷமா மிஷின் மிதிக்கிறவகிட்ட கதை விடாதே. நீ அப்படியே உங்கப்பன்தான், பொய் சொல்ல சுட்டுப் போட்டாலும் வராது.

— அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.

— அதெல்லாம் பண்ண மாட்டேன். சொல்லு.

— என் கிளாஸ்ல ஒருத்தி, ரெட்டைச் சடை. இன்டர்வெல் விட்டாப் போதும், பாக்கெட்டைப் பிடிச்சு இழுத்து "ஏய் கிழிசல்"னு கூப்பிடுவா. எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க பொறந்தநாளுக்குக் குடுத்த பச்சைப் பேனாவையும் பிடுங்கிக்கிட்டா. நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகலை, வயித்துவலி.

— நாளைக்கு வரப்போற வயித்துவலி இன்னைக்கே தெரிஞ்சிருச்சா? மூக்கைத் துடை. டீச்சர்கிட்ட சொன்னியா?

— சொன்னா கோள்மூட்டிம்பாங்க. என்னை மட்டும்தானே பண்றா... என்கிட்டதான் ஏதோ...

— உன்னை மட்டுமா? மேசைக்குக் கீழ ஒரு பை இருக்கு பாரு, அதைக் கொட்டு.

— ஐயோ, எல்லாம் எங்க யூனிஃபார்ம் துணி!

— இந்த மாசம் நான் புதுசு தைச்சுட்டுக் கழட்டிப் போட்ட பழைய பாக்கெட்டுங்க. எண்ணு.

— அஞ்சு. அஞ்சுலயும் ரெண்டு மூலையும் போயிருக்கு!

— அஞ்சு பேரும் ஆணின்னுதான் சொன்னாங்க. நானும் ஒரு மடச்சி, நம்பித் தொலைச்சேன்.

— அப்போ எனக்கு மட்டும் இல்லையா?

— இல்லடி ராஜாத்தி. அளவு நோட்டுல எல்லார் நம்பரும் இருக்கு. அஞ்சு வீட்டுக்கும் இப்பவே போன் போடறேன், உங்கம்மாவுக்கும்தான். நாளைக்குக் கடை லேட்டாத் திறந்தா குடி முழுகிடாது. எல்லாரும் இந்தப் பையோட டீச்சரைப் பார்க்கிறோம்.

— ஆறு பேரும் வரிசையா நின்னா டீச்சர் மயக்கம் போட்டுடுவாங்க!

— அப்பாடா, சிரிச்சுட்டா! இரு, யாரோ வர்றாங்க. வாம்மா.

— டெய்லரக்கா, இந்தப் பாக்கெட்டை உடனே தைச்சுத் தர முடியுமா? பெஞ்சுல... ஆணி மாட்டிக்கிச்சு.

— குடு பார்ப்போம். ம்... ரெண்டு மூலை. ஏம்மா, அழுதியா?

— இல்லையே. தூசி.

— அத்தை! இவதான். ரெட்டைச் சடை!

— ஓகோ! சரி, உன் பாக்கெட்டை யாரும்மா இழுத்தது?

— ...பெரிய கிளாஸ் அக்காங்க. தினமும். வீட்ல சொல்லிடாதீங்கக்கா.

— சிட்டு, நீயே சொல்லு. இவளை என்ன பண்ணலாம்?

— ஏழு பேர்னு வெச்சுக்கோங்க அத்தை. ஆனா முதல்ல என் பச்சைப் பேனாவைக் குடுக்கச் சொல்லுங்க.