கை நடுக்கம் என்று எழுதியிருப்பதைப் பற்றி

ஐயா, புது கிளட்ச் தட்டை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சோற்றில் கை வைக்கும்போது கழுவாதவன்கூட இதற்குக் கழுவித்தான் ஆக வேண்டும். பிசுக்கு ஒட்டினால் தட்டு வழுக்கும். பத்தொன்பது வருஷமாக நான் கழுவியிருக்கிறேன். மாப்பிள்ளையின் வண்டிக்குப் போட்ட அன்றும் கழுவினேன்.

நேற்று ஸ்டேஷனில் உங்கள் அறிக்கையைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். எனக்கு எழுத்து வந்தது நாற்பது வயதுக்கு மேல். அதனால் மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரி விடமாட்டேன். மூன்றாம் பக்கத்தில், பொருத்தியவரின் கை நடுக்கத்தால் கிரீஸ் அளவுக்கு மேல் பூசப்பட்டு, கிளட்ச் வழுக்கி, விபத்து நடந்தது, உள்நோக்கம் இல்லை என்று இருக்கிறது. இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் அதற்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. என் கை நடுங்கியதே இல்லை. அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கச்சியின் புருஷனை. பட்டறையில் அவர் மேலே, நான் குழிக்குள். குழி என்றால் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய வெட்டிய பள்ளம். என் வேலை கிளட்சும் கியர் பாக்ஸும் மட்டும். அவர் வேலை டியூனிங். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் என்ஜினின் குணத்தையே மாற்றிவிடுவார். சட்டையில் ஒரு கறை படாது. வண்டிக்காரர்கள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி சிரிப்பார்கள்.

உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். இரண்டு உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே திரும்பும். கிளட்ச் அவ்வளவுதான். ஒரு கை என்ஜின், இன்னொன்று கியர். வண்டி செய்கிறவன், இந்த என்ஜினின் இழுவைக்கு இவ்வளவு அழுத்தம் போதும் என்று அளந்து வைக்கிறான். இழுவையை மட்டும் கூட்டிவிட்டு அழுத்தத்தை அப்படியே விட்டால், ஒரு கை திரும்பும், மற்றது பின்தங்கும். தேயும், சூடாகும், கருகும். மாப்பிள்ளை கூட்டியதெல்லாம் கீழ் இழுவை, அதாவது என்ஜின் மெல்லச் சுற்றும்போதே இழுக்கிற இழுவை. கியரைக் குறைக்காமலே ஏறலாம், முந்தலாம். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும். கிளட்சுக்கு அதுதான் ஆகாது. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய தட்டு பதினைந்தாயிரத்தில் என் கைக்குத் திரும்பி வரும், கருப்பாக, பளபளவென்று, தீய்ந்த வாசத்தோடு.

நான் சொல்லாமல் இருக்கவில்லை.

"மாப்பிள்ளை, கீழ இழுவையைக் கொஞ்சம் குறைங்க. இல்லேன்னா கெட்டியான கிளட்சா போடச் சொல்லுங்க."

"கெட்டியா போட்டா பெடல் கல்லு மாதிரி இருக்கும் மச்சான். மிதிக்கிறவன் என்னைத்தானே திட்டுவான்?"

"இப்ப கருகிப்போய்த் திரும்பி வர்றாங்களே, அவங்க திட்டமாட்டாங்களா?"

"அதை நான் பாத்துக்கறேன். குழிக்குள்ள நின்னுக்கிட்டு மேல இருக்கறவனுக்கு யோசனை சொல்றீங்க பாருங்க, அதுதான் மச்சான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று இரண்டு வருஷம் எனக்குத் தெரியாது.

தெரியவைத்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவர் வண்டிக்கு அது மூன்றாவது கிளட்ச். குழியின் ஓரத்தில் வந்து குனிந்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. எங்க அப்பாவுக்கும் இதே நடுக்கம்தான். இந்த டாக்டர் நல்லாப் பாப்பார்."

"யாருக்குங்க நடுக்கம்?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்க மாப்பிள்ளைதான் சொன்னார். ரெண்டு தடவையும் கிளட்ச் போனதுக்கு அதான் காரணம்னு. நான் வேற பட்டறைக்குப் போறேன்னு சொன்னதும் கண் கலங்கிட்டார். 'இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனை நான் எப்படிங்க வெளிய அனுப்புவேன்'னார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

தாளைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு டாக்டரின் பேர், அதற்குக் கீழே 'கை நடுக்கம், நரம்புத் தளர்ச்சி'. நல்ல மனசு அந்த அம்மாவுக்கு. நன்றி சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் வண்டியை முடித்துத்தான் அனுப்பினேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. டீக்கடைக்காரர் இரண்டு வருஷமாக எனக்கு முக்கால் கிளாஸ்தான் ஊற்றுவார். கஞ்சன் என்று நினைத்து மனசுக்குள் திட்டியிருக்கிறேன். கேட்டேன். "சிந்திடுமேன்னுதாண்ணே, சுட்டுக்கிட்டா?" என்றார். உதிரிபாகக் கடையில் மற்றவர்களுக்கு நட்டு போல்ட்டை அப்படியே கையில் கொட்டுவார்கள், எனக்கு மட்டும் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தருவார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன். தெருவே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் மட்டும் பார்க்கவில்லை.

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது இந்தக் கைதான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"தொழிலுக்கு ஒரு பேச்சு. அவர் பேரு கெட்டா எங்க மூணு பேர் வயித்துல ஈரத்துணி. உன் பேரு கெட்டா உனக்கு என்ன குறைஞ்சிடும்? இனிமே பொண்ணு பாக்கவா போற?"

நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணியின் ஓரங்கள் கோடு போட்ட மாதிரி சேர்ந்திருந்தன, நான் சொல்லிக்கொடுத்த மடிப்பு. நான் வந்துவிட்டேன்.

அப்போதும் எனக்கு எந்த எண்ணமும் இல்லை ஐயா. இதை நம்புங்கள். மூன்று வாரம் வழக்கம்போல வேலை செய்தேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளை தன் சொந்த வண்டியைக் குழிமேல் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டறையிலேயே அதிக இழுவை ஏற்றிய வண்டி அது. அதன் கிளட்சும் போய்விட்டது.

"இதுக்கு நீங்கதான் போடணும் மச்சான். வேற எவனும் தொடக் கூடாது. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட உங்க கை தட்டை நடுவுல உக்கார வச்சிடும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார். பொய் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இந்த உண்மையைத்தான் பொறுக்க முடியவில்லை.

தட்டின் நடுவே பல் வைத்த ஓட்டை இருக்கும். கியர் பாக்ஸின் தண்டு அதற்குள் போய் உட்காரும். அந்தப் பல்லில் ஒரு மிளகளவு கிரீஸ் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நான் ஒரு நெல்லிக்காயளவு வைத்து அடைத்தேன். தட்டின் முகத்தில் ஒரு சொட்டுப் படவில்லை. ஊருக்குள் ஓட்டும்போது அது கட்டியாக அங்கேயே இருக்கும். நெடுவழியில் சூடு ஏறினால்தான் இளகும். சுற்றுகிற வேகத்தில் வெளியே தெறித்துத் தட்டு முழுக்கப் பரவும். மற்றவர்கள் இப்படித் தவறாகப் போட்ட தட்டுகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். எத்தனை கிலோமீட்டரில் இளகும் என்பதும் தெரியும், அந்தத் தூரத்தில் அவர் எந்தச் சாலையில் இருப்பார் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் தன் குலதெய்வம் கோயிலுக்குப் போவதாக இருந்தார். இரண்டு பக்கமும் கரை உயர்ந்த, ஒதுங்க இடமில்லாத சாலை. நானும் பலமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். கியரைத் தொடாமலே லாரிகளை முந்துவார். முந்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

வழியில் வண்டி நின்றுபோய், இறங்கித் தள்ளி, நாலு பேர் முன்னால் அவமானப்படட்டும் என்றுதான் நினைத்தேன். கியர் பாக்ஸைத் தூக்கி மாட்டும்போது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போய், பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், வெயிலில் அவ்வளவு தூரம் அவளுக்கு ஒத்துக்காது என்றேன். பாப்பா அவர்களுக்கு ஒரே பிள்ளை, வயது ஐந்து. தங்கச்சி யோசித்தாள்.

"நீ சமாளிப்பியாண்ணா?"

கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். பொய் என்று தெரிந்தவள். சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். அப்படி அவள் பார்க்காமல் இருந்திருந்தால், நீயும் இரு என்று அவளையும் நான் நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவை நான்தான் சாத்தினேன்.

மோதிய லாரியின் டிரைவர் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிரே முந்திக்கொண்டு வந்த வண்டியின் என்ஜின் அலறியது, ஆனால் வண்டி முன்னால் வரவில்லை என்று. சரியாகச் சொல்லியிருக்கிறார். கிளட்ச் வழுக்கினால் அப்படித்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் நான் பாப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். சின்ன விரல், சின்ன நகம், துள்ளுகிற பிள்ளை. எட்டாவது விரலில் போன் அடித்தது. என்ன சேதி என்று தெரியும். பத்து விரலையும் முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். ஓர் இடத்தில்கூடச் சதை படவில்லை. நீங்கள் பாப்பாவின் விரல்களைப் பார்க்கலாம்.

அறிக்கை இப்படித்தான் வரும் என்று முன்பே எனக்குத் தெரியும். கிரீஸ் அதிகம் என்று கண்டுபிடித்தால், பாவம் கை நடுங்குகிற ஆள் என்று தெருவே சாட்சி சொல்லும். மாப்பிள்ளை கட்டிவைத்த பேச்சே எனக்குக் காவல் நிற்கும் என்று எண்ணியிருந்தேன். நின்றது. கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஐந்தாம் பக்கத்தையும் படித்தேன். பாப்பாவுக்கு இனி நான் ஒருவன்தான் உறவு என்றும், ஆனாலும் மாமனுக்குக் கை நடுக்கம் இருப்பதால் குழந்தையை அவரிடம் விட முடியாது, இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது.

ஆகவே ஐயா, மூன்றாம் பக்கத்தில் தெரிந்தே, தெளிவாக, நிதானமான கையால் செய்தது என்று மாற்றி எழுதுங்கள். இரண்டு பேர் சாவார்கள் என்று தெரியும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குழந்தையை என்னிடம் தராததற்கு நீங்கள் சொன்ன ஒரே காரணம் அதோடு போய்விடுகிறது. அவளை நான் என்றைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.