ஈரப் புல்

சரியாகப் பார்த்துக்கொண்டால் மக்கு உரம் நாறாது, ஐயா. நாறுகிறது என்றால் வைத்திருக்கிற ஆள் சோம்பேறி என்று அர்த்தம். பச்சையாக எது போட்டாலும் அதன்மேல் காய்ந்த சருகைத் தாராளமாகப் போட வேண்டும். வாராவாரம் அடியோடு கிளறிவிட வேண்டும். இறைச்சி, எலும்பு எதையும் சேர்க்கக் கூடாது, எலி வரும். என் உரப்பெட்டி சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. என் தங்கை ஒருநாள்கூட மூக்கைப் பொத்தியதில்லை.

நீங்கள் கேட்டது புல்வெட்டும் மெஷினைப் பற்றி. வருகிறேன்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு தங்கையை நான்தான் வளர்த்தேன். கல்யாணமாகியும் அவள் வேறு வீடு போகவில்லை. மாப்பிள்ளை இங்கேயே வந்துவிட்டார். தையல் கடையில் துணி வெட்டுகிறவர். அவர் கத்தரி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், துணிக்கு வலிக்காமல் வெட்டுவார். மற்றபடி ஸ்பேனரைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற ரகம். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கொல்லைப்புறத்துப் புல்லை மெஷின் தள்ளி வெட்டுவது அவர் வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எண்ணெய் மாற்றுவேன், கத்தி தீட்டுவேன், காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்வேன். கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கிற கம்பி ஒன்று உண்டு. அதை விட்டால் எஞ்சின் அணையும், பிரேக் கட்டை கத்தியையும் பிடித்து நிறுத்தும். நான் வைத்திருந்த மெஷினில் சத்தமும் கத்தியும் ஒன்றாக நிற்கும். அதனால் மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அடியில் புல் அடைத்துக்கொண்டால் கம்பியை விடுவார், சத்தம் நின்றதும் குனிந்து கையை விட்டு வழித்துப் போடுவார்.

"குச்சி வச்சு எடுங்க மாப்ள" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"நீங்க பாத்துக்கிற மெஷின் மச்சான், என்னைக் கடிக்குமா?" என்பார்.

பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார்கள். வேறு ஊரில் பெரிய உடுப்புக் கம்பெனி, அவருக்குத் தலைமை வெட்டுக்காரர் வேலை. குடியிருக்க மாடி வீடும் தருகிறார்கள்.

"புல்லும் இல்லை, மண்ணும் இல்லை மச்சான். உங்க மெஷின்கிட்டயிருந்து எனக்கு விடுதலை" என்று சிரித்தார். தங்கையும் சிரித்தாள். "இனிமே நீயே தள்ளுண்ணா. கொஞ்சம் தொப்பையாவது குறையும்." நானும் சிரித்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வயிறு எரிந்தது. அவள் அப்போதே சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். அம்மாவின் தையல் மெஷினையும் துணி சுற்றி வைத்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரேக் கட்டை தேய்கிற பொருள். யார் வீட்டிலும் தேயும். தேய்ந்தால் சத்தம் நின்ற பிறகும் கத்தி கொஞ்ச நேரம் ஓசையில்லாமல் சுற்றும். உங்கள் மெக்கானிக் சொன்னது அதுதான், தப்பில்லை. ஆனால் போன கோடையில்தான் நான் புதுக் கட்டை வாங்கியதாகக் கடைக்காரர் சொல்கிறார். அதுவும் தப்பில்லை. பழையதை நான் எறிவதில்லை, தகர டப்பாவில் போட்டு வைப்பேன். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்ப மாட்டினேன். சின்ன வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஈரத்தில் புல் வெட்ட நான் யாரையும் விட்டதில்லை. கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ளும். அன்று மழை விட்டதும் நானேதான் சொன்னேன், "கிளம்புறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை வெட்டிக் குடுத்துட்டுப் போங்க மாப்ள." பாவம், சந்தோஷமாகக் கிளம்பினார். நான் உரம் கிளறிக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடியது, திணறியது, நின்றது. அவர் குனிந்தார்.

அவர் அலறவில்லை. "அடடா" என்றார், டீயைக் கொட்டிவிட்டவர் மாதிரி.

தங்கை துண்டோடு ஓடிவந்து கையைச் சுற்றினாள். ஆம்புலன்ஸ்காரர் தெளிவாகச் சொன்னார்: "விரலைத் தேடி எடுங்க. பையில் கட்டி ஐஸ்ல வச்சுக் கொண்டாங்க. சீக்கிரம் வந்தா ஒட்ட வச்சிடலாம்." அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கை ஈரப் புல்லில் மண்டியிட்டுக் கையால் துழாவினாள். "அண்ணா, அந்தப் பக்கம் பாருண்ணா" என்று அழுதாள். நானும் கூடவே தேடினேன்.

அவள் துண்டு சுற்றிக்கொண்டிருந்தபோதே நான் எடுத்துவிட்டேன். வெட்டிய புல்லோடு புல்லாக வாரி உரப்பெட்டியின் நடுவில் போட்டேன். நடுவில்தான் சூடு அதிகம். மேலே சருகு நிறையப் போட்டேன். இறைச்சி சேர்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. எப்படிப் போவார்கள்? வெட்டுகிற கை இல்லாமல் அந்த வேலை எதற்கு? தங்கை மூட்டைகளை அவிழ்த்தாள். அவருக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பார்க்காது. ஒருநாளும் நாற்றம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சல்லடையில் சலிக்காமல் நான் யாருக்கும் உரம் கொடுப்பதில்லை. உரம் மக்கித் தயாரான வாரம் எனக்குக் காய்ச்சல். அவர் மனசு தேறட்டும் என்று தங்கை தொட்டியில் பூச்செடி வைக்க நினைத்திருக்கிறாள். என்னை எழுப்ப வேண்டாம் என்று தானே சல்லடையை எடுத்திருக்கிறாள். மண் இறங்கிவிட்டது, எலும்பு மேலே நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு எலும்பை எடுத்துத் தன் விரலோடு வைத்துப் பார்த்தாள். பிறகு உங்களைக் கூப்பிட்டாள்.

இங்கே ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் கோபம் அப்படித்தான், இரண்டு நாளில் ஆறிவிடும். அதுவரைக்கும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா. இந்த வாரம் உரத்தைக் கிளறிவிடச் சொல்லுங்கள். நான் வீடு திரும்பும்போது நாறக் கூடாது.