ஐயாவை இளைக்க வைத்த விதம்

மணலில் நடந்தால் எனக்கு இடுப்பு வலிக்கும். தார் ரோட்டில் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றும் செய்யாது. சின்ன வயதிலிருந்து சவுக்குக் கட்டைத் தலையில் வைத்து மணலில் நடந்த உடம்பு. இன்றைக்கும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கடற்கரை வழியாகத்தான் வந்தேன். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன், மேடம் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் ரெஜினா, செய்யூர்ப் பக்கம். சதுரங்கப்பட்டினத்தில் வாசுதேவன் ஐயா வீட்டில் சமையலுக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளவும் இருந்தேன். போன வாரம் டச்சுக் கோட்டைக்கு அந்தாண்டை மணலில் இறந்துபோனாரே, அவர்தான். மாரடைப்பு என்கிறார்கள். அது சரிதான். எப்படி வந்தது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஐயாவுக்குச் சர்க்கரை, பெரிய தொப்பை. தினமும் நடக்க வேண்டும், கொழுப்புக் குறைய வேண்டும், ஆனால் சதை கரையக் கூடாது, முட்டையும் பருப்பும் சுண்டலும் விடாமல் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நடப்பதற்கென்று தனியாக நேரம் வைத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார் என்று மகன் பார்த்திபனிடம் நான்தான் சொன்னேன். அன்றாட வேலைக்குள்ளேயே நடையை நுழைத்தேன். பால் வாங்க அவரையே அனுப்பினேன், அதுவும் பக்கத்துக் கடைக்கு இல்லை, பஸ் ஸ்டாப் கடைக்கு. போன் வந்தால் மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேச வேண்டும். சீரியலில் விளம்பரம் வந்தால் எழுந்து ஹாலைச் சுற்ற வேண்டும். விடிந்ததும் என்னோடு கடற்கரை. நல்ல யோசனைகள்தான். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

பார்த்திபன் ஒரு எடை மிஷின் வாங்கி வந்தார். வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை, கொழுப்பு, சதை என்று தனித்தனியாகப் போனில் காட்டும். வீட்டில் எல்லாரும் எடையை மட்டும் பார்த்துவிட்டுக் கை தட்டுவார்கள். கீழே சதை என்று ஒரு வரி இருந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். அது குறையக் குறைய எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

முட்டையை அவித்து உரித்து, வழியில் கொடுக்கிறேன் என்று டப்பாவில் எடுத்துப் போவேன். கடற்கரை நாய்களுக்குப் போட்டுவிடுவேன். சுண்டலும் அப்படியே. அவருக்குக் கஞ்சித் தண்ணீர், பருப்பின் மேல் நிற்கும் தெளிந்த தண்ணீர். நடை மட்டும் கூடிக்கொண்டே போனது. ஊரில் ஒரே பாராட்டு. மீன் ஏலம் விடும் சுப்பிரமணி, "இன்னா அண்ணாத்த, புது மாப்ள கணக்கா ஆயிட்ட, பொண்ணு பாக்கட்டா?" என்பார். ஐயா சிரிப்பார். சிரிக்கும்போது கன்னம் உள்ளே போகும். மருமகள் சுஜாதா எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்.

ஐயா அந்தக் காலத்தில் சவுக்குத் தோப்புகளை மொத்தமாக வாங்கி வெட்டும் கான்ட்ராக்டர். வெட்டிய மரத்தை லாரி வரை தோளில் சுமப்பது என் புருஷன் சாலமோனுக்கு வேலை. நானும் அங்கேதான் கட்டுக் கட்டினேன். ஒரு மத்தியானம் நெஞ்சு பிடிக்கிறது என்று உட்கார்ந்தான். "நடடா, வேர்த்தா விட்ரும். லோடு கெளம்பணும்" என்றார் ஐயா. நடந்தான். லாரிப் பக்கத்தில் போய் விழுந்தான். லோடு கிளம்பிவிட்டது. அவன் சாயங்காலம் வரை வெயிலில் கிடந்தான். குடித்துவிட்டுச் செத்தான் என்று ஐயா சொன்னார், அதையே ஸ்டேஷனிலும் எழுதிக்கொண்டார்கள். சாலமோன் கள்ளைக்கூடத் தொடாதவன்.

அந்த வீட்டில் வேலை கேட்கப் போனபோது ஐயாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவரிடம் கூலி வாங்கிய பெண்களை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொல்ல வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை மேடம். சாலமோன் பெயரை அவர் வாயால் சொன்னால் மறுநாளே முட்டையைக் கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். கடற்கரையில் சவுக்கு மரங்களைத் தாண்டும்போதெல்லாம், "ஒங்க தோப்புல யாராச்சும் செத்துருக்காங்களா ஐயா?" என்று கேட்பேன். "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கும்மா" என்பார். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டிப் போவேன்.

கடைசி நாள் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார். கோட்டையைத் தாண்டியதும் மணலில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்ச புடிக்குதும்மா" என்றார்.

"நடங்க ஐயா. வேர்த்தா விட்ரும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "கலைவாணன் பொண்டாட்டிதானே நீ? மொத வாரமே தெரிஞ்சிக்கினேன். மரம் சாயறப்போ அவனுக்கு நான் கொரல் குடுத்திருக்கணும். குடுக்கல. அதான் நீ சொன்ன எடத்துக்கெல்லாம் நடந்தேன். முட்டைய நாய்க்குப் போட்டதும் தெரியும். போதுமா?"

கலைவாணன் யார் என்று எனக்குத் தெரியாது. மரம் விழுந்து செத்த வேறு யாரோ.

"சாலமோன் ஐயா" என்றேன்.

"எந்த சாலமோன்?"

அப்படியே மணலில் சாய்ந்துவிட்டார். போன் என் இடுப்பிலேயே இருந்தது, எடுக்கவில்லை. மூச்சு நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு பார்த்திபனைக் கூப்பிட்டேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பார்த்திபனுக்கும் இப்போது தொப்பை விழுந்திருக்கிறது. "அப்பாவ எவ்ளோ நல்லா பாத்துக்கினீங்க, இவரையும் கொஞ்சம் நடக்க வைங்கக்கா" என்று சுஜாதா நேற்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அதனால்தான் இங்கே வந்தேன்.

ஐயா நடந்ததெல்லாம் கலைவாணனுக்காக நடந்தது மேடம். சாலமோனுக்கு அந்த வீடு தர வேண்டியது அப்படியே பாக்கி இருக்கிறது.