நானூறு ஜிபி காலி இடம்

— ...இன்னொரு தரம் பாருங்க மாப்ளே. பக்கத்துல எங்கேயாவது ஒதுங்கிக் கிடக்கும்.

— பார்க்கிறதுக்கு என்ன இருக்கு அத்தே? முன்னே ரெண்டு டிரைவ் இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான். அதுலயும் கம்ப்யூட்டரை ஓட்ட நான் காலையில ஏத்தின புது ஓ.எஸ். மட்டும் உட்கார்ந்திருக்கு.

— அப்ப என் பொண்ணு போட்ட பள்ளிக்கூடத்துப் பிளான்?

— ரெண்டாவதுல இருந்துச்சு.

— நாலு மாசமா ஆபீஸ் விட்டு வந்து, கண்ணு பூத்துப்போக வரைஞ்சா...

— தெரியும் அத்தே.

— அவ சொந்தப் பேர்ல வந்த முதல் வேலை. விடிஞ்சதும் கொண்டுபோய்க் கொடுக்கணும்னு...

— அதுவும் தெரியும். ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுக்காதீங்க.

— நான் என்ன சொன்னேன் இப்ப? குழாய் வேலைக்கு லீவு போட்டுட்டு இந்த வேலைக்கு யாரு கூப்பிட்டான்னுகூட கேக்கலையே.

— உங்க பொண்ணுதான் நேத்து முழுக்கப் புலம்பினா, கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குதுன்னு. சாயங்காலம் வந்து பார்த்து அசந்து போகட்டும்னு நினைச்சேன்.

— அசந்துதான் போவா.

— அத்தே...

— சரி, விடுங்க. இந்தக் கறுப்புப் பட்டை என்ன? நானூறுன்னு போட்டிருக்கு.

— அன்அலோகேட்டட். யாருக்கும் ஒதுக்காம சும்மா கிடக்கிற இடமாம்.

— காலி மனை மாதிரியா? அப்ப உள்ளே இருந்த சாமானெல்லாம்?

— அதைத்தான் கம்ப்யூட்டர் மெக்கானிக் அண்ணன்கிட்டே கேக்கப் போறேன். இருங்க, எடுத்துட்டார்... அண்ணே, நான்தான், பிளம்பர்... ஆமா, டிரைவ் பட்டியல்ல முதல் வரியை அழிக்கச் சொன்னீங்க, அழிச்சேன்... அது... ரெண்டாவதும் போயிடுச்சு. தொடாதேன்னு தனியா சொல்லலையேண்ணே... ஆமா, நான்தான் அழுத்தினேன்... நானேதாண்ணே, வேற யாரு...

— என்ன சொல்றார்?

— எதையும் தொடாம கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்கிறார்.

— அதுக்கு ஒரு மெக்கானிக் வேணுமாக்கும்.

— உஷ்... அண்ணே, இங்கே ஏதோ கேக்குது. இந்த இடத்தை ஃபார்மட் பண்ணவான்னு... கூடாதா? அத்தே, மௌஸை விடுங்க.

— தூசி தட்டினேன்.

— நாளைக்குத் தட்டிக்கலாம்... சரிண்ணே. சரி. வைக்கிறேன்... அத்தே, ஒரு புரோகிராம் அனுப்புறாராம். பென்டிரைவ்ல போட்டு அங்கிருந்தே ஓட்டணும். அந்தக் காலி இடத்துல ஒரு எழுத்துகூட விழக் கூடாது. நான் புது ஓ.எஸ்.ஸுக்கு நூறு ஜிபியோட நிறுத்திக்கிட்டதாலதான் தப்பிச்சுதாம்.

— அழிஞ்சது எப்படி மாப்ளே திரும்பும்?

— அழியவே இல்லையாம். எங்க வேலையில வர்ற கதைதான். மேல்தொட்டி நிறைய தண்ணி இருக்கு, கீழே வர்ற பைப்பை மட்டும் கழட்டியாச்சு. குழாயைத் திறந்தா காத்துதான் வரும். அதுக்காகத் தொட்டி காலின்னு ஆயிடுமா?

— பைப்பை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

— ஒன்றரை மணி நேரம். இப்ப மூணே கால். அவ வர அஞ்சாகும். போதும்.

— ...

— ...

— எவ்வளவு ஆச்சு?

— பன்னெண்டு சதவீதம்.

— தண்ணியாவது குடிங்க. காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படலை உங்களுக்கு... அய்யோ, என் போன். அவதான்... சொல்லுமா... இல்லை, அவரா, அவரு தூங்குறார்... சரி, சரி...

— எதுக்கு அத்தே தூங்குறேன்னு சொன்னீங்க? பட்டப்பகல்ல?

— அவளும் அதையேதான் கேட்டா. உடம்புக்கு என்னமோ ஏதோன்னு பதறி, பாதியிலேயே கிளம்பி வர்றாளாம்.

— நல்லாக் காப்பாத்தினீங்க என்னை.

— வாயில வந்துடுச்சு. இப்ப எவ்வளவு?

— முப்பத்தொண்ணு.

— உங்க ஓ.எஸ். பறக்கும்னீங்களே.

— கிண்டல் பண்ணாதீங்க அத்தே. அவ வர்றதுக்குள்ள முடியணுமேன்னு இருக்கு எனக்கு.

— எனக்கு மட்டும் என்னவாம்... நான் வாசலைப் பார்த்துக்கறேன். நீங்க அதைப் பாருங்க.

— ...

— ...தெருமுனையில யாரோ வர்றாப்ல இருக்கு... இல்லை, வேற யாரோ.

— அத்தே. இங்கே வாங்க.

— என்ன?

— வாங்களேன்.

— ...ஏதோ வரிசையா வந்திருக்கு. கண்ணாடி இல்லாமத் தெரியலை, படிச்சுச் சொல்லுங்க.

— ‘பள்ளி பிளான் கடைசி’. ‘பள்ளி பிளான் கடைசி ரெண்டு’. ‘பள்ளி பிளான் இதுதான் கடைசி’.

— அவதான். அவளேதான். சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான்... திறக்குதா?

— திறக்குது... படிக்கட்டு. வகுப்பு... எண்ணிக்கோங்க, பன்னெண்டு வகுப்பு. ஒண்ணும் குறையலை. பாருங்க அத்தே, கழிப்பறை லைனை நான் சொன்ன மூலையிலேயே வச்சிருக்கா. வேணாம்னு என்கிட்டே அவ்வளவு சண்டை போட்டா.

— அழறீங்களா மாப்ளே?

— இல்லை. மூக்கு அரிக்குது.

— முதல்ல காப்பி எடுங்க. ஒண்ணுக்கு ரெண்டா எடுங்க.

— எடுத்தாச்சு... அப்பாடா. இனி அவ எப்ப வேணா வரட்டும்.

— மாப்ளே.

— ம்.

— காலையில வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு எழுந்து போனீங்களே... ஒரு வரியை அழிச்சுட்டு, இன்னொண்ணை அப்படியே விட்டுட்டு.

— ம்.

— பாவம், பாதியில விட்டுட்டாரேன்னு அதை நான்தான் அழுத்தினேன். நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்னு அதையும் அழுத்தினேன். நீங்க என்னடான்னா அந்த மனுஷன்கிட்டே நான்தான், நானேதான்னு... பழியை நீங்களே ஏத்துக்கிட்டீங்க.

— தெரியும் அத்தே. வாசல்லேர்ந்து திரும்பி வந்து உங்களுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன். அட, அத்தைக்கும் இதெல்லாம் தெரிஞ்சிருக்கு, நமக்கு ஒரு வேலை மிச்சம்னு சந்தோஷமா வேடிக்கை பார்த்தேன்.