நீரேற்று நிலையத்தில் வால்வு மூடப்பட்டது குறித்து

நான் ஏரி நீர் ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடமாக ஆய்வாளராக இருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. ஆய்வுக்கூடக் குடியிருப்பில் மூன்றாம் எண் வீட்டில் கணவருடன் வசிக்கிறேன். யாரும் வற்புறுத்தாமல் இதைச் சொல்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை காலை படகில் போய், ஊருக்குக் குடிநீர் எடுக்கும் குழாயின் வாய்ப்பக்கம் தண்ணீர் எடுத்தேன். பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் பாசி படர்ந்திருந்தது. செவ்வாய் காலை பரிசோதித்ததில், பாசி விடும் நச்சு அனுமதித்த அளவைப் போல் ஒன்பது மடங்கு இருந்தது. அது கல்லீரலைக் கெடுக்கும், காய்ச்சினாலும் போகாது. மறுபடி பரிசோதித்தேன், அதே எண் வந்தது. அதன் பிறகு இயக்குநரிடம் காட்டினேன். தலைமை ஆய்வகத்தின் முடிவு வர இரண்டு நாள் ஆகும், அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது என்றார்.

அதன் பிறகு கழிவறைக்குள் போய் அக்காவுக்குப் போன் செய்து, பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்றேன். அக்கா, "பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்குடி. அவங்ககிட்ட சொல்லலாமா, கூடாதா?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக நீரேற்று நிலையத்துக்குப் போனேன். பம்ப் ஆபரேட்டரிடம் விவரம் சொல்லி, தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். "எழுத்துல ஆர்டர் இல்லாம தொட்டா என் வேலை போயிரும் மேடம்," என்றார். பிறகு மேசைமேல் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பம்புகளை அணைத்து வால்வுச் சக்கரத்தைச் சுற்றி நானே மூடினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

மதியத்துக்குள் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிட்டது. மூன்றரை மணிக்கு மெத்தைக் கடையில் தீப்பிடித்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. சரக்கை இழுத்து வெளியே போட்ட கடைக்காரருக்கு இரண்டு கைகளும் வெந்துவிட்டன. மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். அவர் மனைவி அவருக்குப் பாட்டிலில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை.

வியாழக்கிழமை தலைமை ஆய்வக முடிவு வந்தது. எட்டு மடங்கு என்று இருந்தது. வால்வைத் தானே மூடியதாக ஆபரேட்டர் பதிவேட்டில் எழுதியதும், அதற்காக அவரைப் பிடித்து வைத்திருப்பதும் அன்று மாலைதான் எனக்குத் தெரியவந்தது. அதனால் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

மேற்கண்டதை அதிகாரி வாசித்துக் காட்டியபோது, "மூடச் சொன்னேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. "அப்படியே இருந்தா உங்களுக்கு நல்லதுதானேம்மா," என்றார். அதை அடித்துவிட்டு, "நானே மூடினேன்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை. திருத்தத்தின் பக்கத்திலும் இங்கே கீழேயும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ஆய்வாளர், ஏரி நீர் ஆய்வுக்கூடம்