கடலைப் பார்த்த பக்கம்

— போதும், நிப்பாட்டுங்க. மகனுக்கு முப்பதாம் நாள் பூசகூட வைக்கல, அதுக்குள்ள வள்ளத்துக்கு மினுக்கு வேணுமாக்கும்!

— தள்ளி நில்லு கித்தேரி. எண்ண கொதிக்கு.

— கோயில்ல பொம்பளைங்க எம் மூஞ்சிக்கு நேரயே கேக்காவ. ‘ஒம் புருசன் புள்ளையப் பறிகுடுத்தவனா, இல்ல கலியாண வீட்டுக்காரனா’ன்னு.

— கேட்டா கேக்கட்டும்.

— விக்கப் போறியளா?

— வேம்பாருல ஒரு ஆளு கேக்கான். இப்படி வெளுத்துக் கெடந்தா எவன் வாங்குவான்? சப்பான்காரன் சண்டையில தூத்துக்குடி பூராத் தேடியும் வார்னீசு இல்ல. அதான் மீனெண்ணயில குங்கிலியத்தப் போட்டுக் காய்ச்சுதேன். மணலும் தேங்காத் தும்பும் வச்சுத் தேய்ச்சு, இதப் பூசுனா புதுசு கணக்கா பளபளன்னு ஆயிரும்.

— நம்ம இஞ்ஞாசி ஏறிப்போன வள்ளம்ங்க இது.

— ஏறிப்போனான். வந்தது வள்ளம் மட்டுந்தானே ஏளா? கவுந்து, மெதந்துக்கிட்டு... இத வாசல்ல போட்டுட்டு நான் எப்படிச் சோறு திங்க?

— அப்ப நானும் தேய்க்கேன். அந்தத் தும்பத் தாங்க.

— இந்தா. இந்தப் பக்கம் தேயி. கடலப் பாத்த பக்கத்த நான் பாத்துக்கிடுதேன்.

— அங்கனதான் வெயிலு இல்ல.

— சொன்னாக் கேளு! அங்கன போவாத!

— ஏன் கத்துதிய?

— ஒண்ணுமில்ல. கையில சூட்டு எண்ண பட்டுட்டு.

— நேத்திலயிருந்து அந்த ஒரு எடத்தையே தேய்க்கிய. பலகையே குழி விழுந்துட்டு.

— உப்புக் கறை. போவமாட்டேங்கு.

— உப்புக் கறை இல்ல. நகக் கீறலு.

— என்ன சொல்லுத நீ?

— கவுந்த வள்ளத்தப் புடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கான் எம்புள்ள. வெகு நேரம். வெரலு வழுக்க வழுக்க மறுபடியும் எட்டிப் புடிச்சிருக்கான்.

— எவன் வந்து ஒங்கிட்டச் சொன்னான்?

— யாரும் சொல்லல. வள்ளத்தக் கரையில இழுத்துப் போட்டாவல்லா, அன்னைக்கே பாத்துட்டேன். ஒவ்வொரு கீறலாத் தடவியும் பாத்தேன்.

— அடிப்பாவி! ஒங் கண்ணுல படக்கூடாதுன்னுல்லா நான் கெடந்து தேய்க்கேன்... ‘ஒரே அலதான், வலிகூடத் தெரிஞ்சிருக்காது’ன்னு நான் சொன்னப்பல்லாம் தலைய ஆட்டுனியே கித்தேரி!

— நீங்க அத நம்பித்தான் ஒறங்குதியன்னு நெனச்சேன்.