கடைசிக் கை

— துணிய அப்புறம் மடிக்கலாம்க்கா. மொதல்ல இந்தப் படத்தப் பாரு.

— என்னத்தடா பாக்க, தர்மா? மாரியம்மன் கோயில் சூடத்தட்டுதான் தெரியுது. மத்ததெல்லாம் மங்கலா கெடக்கு.

— இது சாதா கேமரா இல்லலா. எல்லாப் பக்கத்து வெளிச்சத்தையும் உள்ள வாங்கி வச்சுக்கும். எடுத்து முடிச்சப்புறம் எந்த எடத்தத் தொட்டாலும் அது பளிச்சுன்னு வரும். திரையில கை வையி.

— ஐயோ! இது வேலாயி வளையல்ல? அது ராஜு மோதிரம்!

— எல்லார் கையும் சூடத்து மேல இருக்குல்ல? ‘நம்ம லயத்து வீடுங்கள விட்டுக்கொடுத்து எவனும் தனியா கையெழுத்துப் போடமாட்டோம்’னு சத்தியம் பண்ணப்ப நான் எடுத்தது.

— அன்னிக்குப் பாத்து நான் ரிங்லெட் பூத் தோட்டத்துல நின்னுட்டேன். எந்தச் சண்டாளனோ போய்க் கையெழுத்துப் போட்டுட்டானே! இனி ஒவ்வொருத்தனா விழுவான், லயத்த இடிச்சு ஹோட்டல் கட்டிருவானுங்க.

— எவன்னு தெரியணுமா? இந்தக் கையத் தொடு.

— கறுப்புக் கயிறு... நான் கட்டிவிட்டதுடா. இது உங்க மாமா கையி.

— சூடத்துக்கு எட்டாமலே நிக்குது, பாத்தியா? எல்லாரும் கண்ண மூடிக்கிட்டாங்க, எவனும் பாக்கல.

— பாவி மனுசன்! லயத்துக்கே தலைவரு! ‘எல்லார் கையும் வந்தப்புறம்தான் தலைவரு சூடத்தக் கையால அணைக்கணும், நான்தான் கடைசியா அணைச்சேன்’னு வந்து அளந்தாரே. நானும் நம்பி, சுட்டுருக்கும்னு மஞ்சள் அரைச்சு அந்தக் கைக்குப் பூசினேனே. கட்டினவளையே ஏமாத்திட்டாரே!

— அழாதக்கா. சாயங்காலம் லயத்து ஆளுங்களுக்கும் இதக் காட்டப்போறேன். நீ எங்கூட பிரிஞ்சாங் டவுனுக்கு வந்துரு. புது வீட்டுல ரூம் சும்மாதான் கெடக்கு.

— புது வீடா? எப்படா வந்துச்சு?

— இப்பத்தான்லா. கெரேத்தா கீழ ரோட்டுல நிக்குது, ஏறிக் கெளம்பு.

— இரு. அவரு மூஞ்சியப் பாக்கணும். இத்தன வருசம் சோறு போட்டவள ஏமாத்துற மூஞ்சி எப்படி இருக்கும்னு பாத்துட்டு வரேன்.

— மூஞ்சி வேணாம்க்கா, தூரமா இருக்கு. தெளிவா வராது.

— எந்த எடத்தத் தொட்டாலும் வரும்னு நீதானே சொன்ன? விடுடா கைய... வந்துருச்சு.

— அக்கா, நேரமாவுது.

— எல்லாரும் கண்ண மூடியிருக்காங்க. இவரு மட்டும் முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நேரா என்னையே பாக்குறாரு.

— அது புகைக்கு முழிச்சிருப்பாரு.

— வாயத் தொறந்து கூப்புடுறாருடா. இன்னொரு கையால ‘வா, வா’ங்குறாரு. மூஞ்சியில கள்ளம் ஒண்ணும் இல்லையே... எவனோ இன்னும் கை வைக்கல. அவனுக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்கிறாரு.

— நீயா எதையாச்சும் நெனச்சுக்காதக்கா.

— லயத்து ஆளுங்க கை எல்லாம் இதுல இருக்கு, தர்மா. படம் எடுத்தவன் கை எங்கடா?